கிராண்ட் கோப், கரண்ட் இல்லாத மூன்றாம் இரவு

புயல் போய் மூன்று நாள்.
நாளைக் காலை ஒன்பதுக்குள் இந்த ஊருக்குக் கரண்ட் வந்துவிடும்.
எனக்குத் தெரியும்,
கொடுக்கப்போகிறவன் நான்தான்.

மதாம் கத்தபெர்மாள் மாலையில்
சாலைக்கே வந்து வண்டியை மறித்தாள்.
ஃப்ரிட்ஜில் நாலு கிலோ கப்பித்தேன் மீன்,
நீர் விட்டு நாற ஆரம்பித்துவிட்டதாம்.
"நாளைக்கு" என்றேன்.
வருத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு ராத்திரி பாக்கி.

படகுத்துறையில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை இறக்கினோம்.
ஜெரார் டார்ச்சுக்குச் சிவப்பு மிட்டாய்க் காகிதம் சுற்றினான்.
ஒன்பதரைக்கு ஓட்டல் ஜெனரேட்டரும் டீசல் தீர்ந்து
இருமி நின்றது.

வடக்கு.
இந்தத் தீவில் வடக்கு என்றால் பாதி வானம்,
மீதியைக் கடல் வைத்திருக்கிறது.
துருவன் அசையாதவன் என்கிறார்கள். இருக்கட்டும்.
நாற்பத்தாறு வயதில் நான் அவனைப் பார்த்ததில்லை.
தண்ணீருக்குக் கீழே இருபது பாகையில்
அவன் பாட்டுக்கு அசையாமல் இருக்கிறான்.

ஏழு முனிவர்களில் நால்வர் ஏறியிருந்தார்கள்,
தலைகீழாக,
கழுவிக் கவிழ்த்த சட்டிபோல.
வசிட்டர் இன்னும் கரையேறவில்லை.

புலத்தியரிலிருந்து கிரதுவுக்கு ஒரு கோடு.
அதே கோடு, அதே நீளம், இன்னொரு முறை.
அங்கே இருக்கிறது எம் எண்பத்தொன்று,
தனி ஒரு விண்மீன் திரள்.
வடக்கே வாழ்கிறவர்களுக்குப் பைனாகுலரிலேயே அகப்படும்
பஞ்சுத் துணுக்கு.
எங்களுக்குக் கடலுக்கு மேல் சுண்டுவிரல் அகலம்.
ராத்திரிக்கு இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.
பத்து ஐந்துக்கு உச்சி.
இதற்கெல்லாம் உச்சி என்று சொல்லலாமா, தெரியவில்லை.

அந்த இடத்துக்குச் சற்று இடப்பக்கம் ஈல் ப்ளாட்.
கலங்கரை விளக்கம் விட்டுவிட்டு மின்னியது.
அது எங்கள் வாரியத்துக் கணக்கில் இல்லை.
காலரா வந்த வருஷம்
கூலிக் கப்பலில் வந்தவர்களைக்
கரைக்கு விடாமல் அங்கேதான் இறக்கிவைத்தார்கள்.
இந்தப் பக்கத்து அடுப்புப் புகை அங்கிருந்து தெரிந்திருக்கும்.
எல்லோரும் வந்து சேரவில்லை.

ஒரு கோடியே இருபது லட்சம் வருஷம்
நடந்து வந்த வெளிச்சம்.
வழியில் யாரும் மறிக்கவில்லை.
கடைசி இருநூறு மைலில்தான் இந்த உப்புக் காற்று.

பத்து நாலு. பத்து ஐந்து.
நேராகப் பார்த்தால் அழிந்துவிடுமென்று
ஓரக்கண்ணால் பார்த்தேன்.
மூச்சு கண்ணாடியில் படாமல் பிடித்துவைத்தேன்.
ஒரு டேங்கர் கப்பல் மெதுவாகப் போனது.
பத்து ஒன்பது.

ஜெரார் குனிந்தான். நெடுநேரம் குனிந்தே இருந்தான்.
"பேனா நார்யேன்," என்றான். ஒன்றுமில்லை.
"இருக்கிறது," என்றேன்.
"வந்துவிட்டது. இறங்கவிடவில்லை."

நோட்டில் வட்டம் போட்டேன்.
தேதி, மணி, தொண்ணூற்றாறு மடங்கு.
வட்டத்துக்குள் எதுவும் வரையவில்லை.

பதினொன்றே காலுக்கு ஆந்தை நெபுலா கிடைத்தது,
கண்ணில்லாத ஆந்தை.
திருநீறு தொட்ட விரலைத் துடைக்காமல்
கறுப்புத் துணியில் வைத்த மாதிரி.

நள்ளிரவுக்குப் பிறகு வசிட்டர் மேலே வந்தார்.
பக்கத்தில் அருந்ததி. சொல்லித்தராமலே
ஜெரார் "இரண்டு" என்றான்.
என் கல்யாணத்தில் பகல் பதினோரு மணிக்கு
ரோஸ் ஹில் கோயில் வாசலில்
ஒரு மேகத்தைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டார் குருக்கள்.
தெரிகிறது என்றோம் இரண்டு பேரும்.
அது எந்தப் பக்கம் என்றுகூட
எங்களுக்குத் தெரியாது.
சுமதியை எழுப்பிக் காட்டலாமா என்று போனை எடுத்தேன்.
ஆறு சதவீதம். வைத்துவிட்டேன்.

காலை எட்டு நாற்பதுக்கு ஃபீடரை மேலே தள்ளினேன்.
தெரு முழுக்க ஃப்ரிட்ஜுகள் ஒரே சுருதியில் உறும,
யாரோ கைதட்டினார்கள்.
மதாம் கத்தபெர்மாள் அதற்கு முன்பே
மீனைப் பூனைகளுக்குக் கொட்டிவிட்டாள்.

அறிக்கையில் எழுதியது:
படகுத்துறைக் கம்பம், எண் நாற்பத்தேழு.
விளக்கு எரியவில்லை. உதிரிபாகம் வரவேண்டும்.

உதிரிபாகம் வண்டியில் ஸீட்டுக்கு அடியில் இருக்கிறது.
ஜெராருக்கும் தெரியும்.
ஏப்ரல் அமாவாசை வரைக்கும் அது வந்து சேராது.